கொருக்குப்பேட்டையில் ரயிலேறி, காட்டோடையோரம் தனியாக ஒரு நாள்

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் யாரிடமாவது "தனியாகக் காட்டுக்குப் போய்விட்டு வந்தேன்" என்று சொன்னால், முதலில் வருகிற கேள்வி "பாம்பு இருக்குமே?" என்பதுதான். எனக்கும் ஆரம்பத்தில் அந்தப் பயம் இருந்தது. இப்போது ஆறு வருடமாக, வருடத்துக்கு இரண்டு மூன்று முறை காட்டோடையோரம் தனியாக நடந்துவருகிறேன். பாம்பை இரண்டு முறை பார்த்தேன். இரண்டு முறையும் அது என்னைக் கண்டதும் புதருக்குள் போய்விட்டது. என்னை ஆபத்தில் கொண்டுபோய் விட்டது வேறு ஒன்று. "அந்த வளைவுக்கு அப்பால் இருக்கிற மடுவை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம்" என்ற ஆசை.

இரண்டாவது முறை தனியாகப் போனபோது பகல் 12 மணிக்குத் திரும்புவதாக நினைத்திருந்தேன். ஒரு மடு, அப்புறம் இன்னொரு மடு என்று போய், மணி பார்த்தபோது இரண்டாகிவிட்டது. அவசரமாக இறங்கும்போது ஈரப்பாறையில் வழுக்கி கணுக்கால் பிசகியது. ஒன்றரை மணி நேரத்தில் கடக்க வேண்டிய வழியை மூன்று மணி நேரம் நொண்டிக்கொண்டு கடந்தேன். அடிவாரத்தில் ஆட்டோக்காரர் காத்திருந்ததால் இருட்டுவதற்குள் மலைப்பக்கத்தை விட்டு வர முடிந்தது.

நாலு பேராகப் போனால் அதில் ஒருவராவது "போதும், திரும்பலாம்" என்று சொல்வார். தனியாகப் போகும்போது அதைச் சொல்ல ஆள் இல்லை. காட்டின் அழகு நம் புத்தியைவிட வலுவாக இழுக்கும். அதனால் முக்கியமான முடிவுகளை எல்லாம் முந்தின நாளே வீட்டில் உட்கார்ந்து எடுத்து, எழுதிவைத்துவிட வேண்டும். காட்டில் அந்த எழுத்துதான் கூட வருகிற ஆள். கீழே சொல்லியிருக்கும் எல்லாமே இந்த ஒன்றிலிருந்து வருபவைதான்.

எங்கே போவது

வடசென்னைக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. கும்மிடிப்பூண்டி, சூலூர்பேட்டை மார்க்கத்து மின்சார ரயில் நம் வாசலிலேயே போகிறது. சென்ட்ரலுக்குப் பக்கத்து மூர் மார்க்கெட் நிலையத்தில் கிளம்பி, பேசின் பிரிட்ஜ், கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி என்று போய், ஆரம்பாக்கத்தோடு தமிழ்நாடு முடிகிறது. அடுத்த நிலையம் தடா. அங்கிருந்து மேற்கே, ஆந்திராவின் திருப்பதி மாவட்டத்தில் வரதய்யபாளையம் பக்கம் இருக்கும் மலையில்தான் உப்பலமடுகு ஓடை இறங்குகிறது. நம்மவர்கள் 'தடா அருவி' என்று சொல்வது இதைத்தான். தெலுங்கில் 'மடுகு' என்றால் நம்முடைய 'மடு'. ஆற்றில் ஆழமாகக் குழிந்து தண்ணீர் நிற்கும் இடம். பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது என்பதை முதல் முறை போகிறவர்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வழியில் சிவன் கோயில் கொண்ட சித்துலய்ய கோனா இருக்கிறது. 'கோனா' என்றால் மலைப்பள்ளத்தாக்கு. மகாசிவராத்திரிக்கு ஊரே அங்கே திரளும், அமைதி தேடிப் போகிறவர் அந்த வாரத்தை விட்டுவிடலாம்.

முதல் தனி நடைக்கு நான் இந்த இடத்தைச் சொல்வதற்குக் காரணம், வனத்துறை நுழைவுக் கட்டணம் வாங்கி உள்ளே விடுகிற இடம் இது. வாசலில் ஆள் இருக்கிறார், யார் உள்ளே போனார் என்பது அவருக்குத் தெரியும், மாலையில் எல்லாரையும் வெளியே வரச் சொல்வார்கள். பாதை பெரும்பாலும் ஓடையை ஒட்டியே போகிறது. தனியாகப் போகிறவருக்கு இதைவிட நல்ல அமைப்பு கிடைக்காது.

ஆனால் வெள்ளம், தீ, விபத்து என்று ஏதாவது காரணத்தால் திடீரென்று மூடுவார்கள். கிளம்பும் வாரத்தில் திறந்திருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் போக வேண்டும். மூடியிருந்தால் வேறு வழியாக ஏறலாம் என்று ஊர்ப் பையன்கள் சொல்வார்கள். போகாதீர்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். அதைவிடப் பெரிய விஷயம், நீங்கள் உள்ளே இருப்பது யாருக்கும் தெரியாது.

ஆந்திரா வரை போகத் தயக்கமாக இருந்தால், திருவள்ளூர் பக்கம் பூண்டியை அடுத்த குடியம் குகைக்கு வனத்துறையின் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் இணையத்தில் பதிவுசெய்து போகலாம். 2024 அக்டோபரில் தொடங்கிய திட்டம் இது. வழிகாட்டி கூட வருவார். அதனால் அது முழுத் தனிமை ஆகாது, ஆனால் ஒற்றை ஆளாகப் பதிவுசெய்து காட்டில் நடந்து பழக நல்ல இடம். அந்தப் பகுதி ஓடைகள் கொசஸ்தலையாற்றில் சேர்கின்றன. பக்கத்து அத்திரம்பாக்கத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863-ல் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். பிற்கால அகழாய்வுகள் அங்கே கிடைத்த கருவிகளின் வயதை சுமார் 15 லட்சம் ஆண்டு என்று காட்டின. நம் எண்ணூரில் கடலில் கலக்கிற அதே ஆற்றின் கரையில் அவ்வளவு காலமாக மனிதர் நடந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு அங்கே நடப்பது தனி அனுபவம்.

எப்போது போவது

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, ஓடையில் தண்ணீர் தெளிந்து ஓடும் நேரம் அது. வெயிலும் தாங்கும்.

அக்டோபர், நவம்பரில் வேண்டாம். சென்னையில் வெயில் அடித்தாலும் மலை உச்சியில் மழை கொட்டிக்கொண்டிருக்கலாம். அது பாறை மலை, மண் குறைவு. மேலே பெய்யும் மழையை உறிஞ்சிவைக்க ஒன்றும் இல்லாததால் கொஞ்ச நேரத்திலேயே ஓடை பொங்கிவிடும். வானிலை பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: நாம் பழக்கத்தில் சென்னை, திருவள்ளூர் அறிவிப்பைத்தான் பார்ப்போம். நீங்கள் போவது திருப்பதி மாவட்டம். அந்த மாவட்டத்துக்கான எச்சரிக்கையைப் பாருங்கள். மஞ்சள் நிறம் இருந்தாலே அந்த வாரம் போக வேண்டாம் என்பது என் வழக்கம். கூட்டமாகப் போகிறவர்கள் மஞ்சளுக்குப் போவார்கள். தனி ஆளுக்கு அது வேண்டாம்.

மார்ச் முதல் வெயிலும் காட்டுத்தீயும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். அந்தக் கூட்டத்தில் சென்னையிலிருந்து போனவர்களும் இருந்தார்கள். காய்ந்த புல் நிற்கும் மாதங்களில் மலை ஏறாதீர்கள்.

கிழமை? அமைதி வேண்டும் என்றால் வார நாள்தான் தோன்றும். ஆனால் முதல் இரண்டு முறை சனிக்கிழமை விடிகாலையில் கிளம்பச் சொல்வேன். ஒன்பது, ஒன்பதரைக்குள் நடக்க ஆரம்பித்துவிட்டால், முன்னே பின்னே ஒரு சில குடும்பங்கள் இருக்கும். கால் பிசகினால் குரல் கேட்கும் தூரத்தில் ஆள் இருக்கும். பதினொன்றரைக்கு மேல் பெரிய கும்பல்கள் வரும்போது நீங்கள் திரும்பத் தயாராகியிருப்பீர்கள். ஞாயிறு நெரிசல். முழுக்க ஆளில்லாத செவ்வாய், புதன் எல்லாம் இடம் பழகின பிறகு.

வீட்டில் எழுதும் தாள்

இதுதான் இந்தக் கட்டுரையின் நடுப்பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வெள்ளைத்தாளில் இரண்டு பிரதி எழுதுவேன். ஒன்று தங்கையிடம், ஒன்று என் சட்டைப்பையில். போன வருடம் எழுதியது இது:

"தடா வரை ரயில். உப்பலமடுகு வனத்துறை வாசலில் 9 மணி. ஓடையோரப் பாதை மட்டும், மேலே உச்சிக்குப் போகவில்லை. எங்கே இருந்தாலும் 12 மணிக்குத் திரும்புவேன். 3 மணிக்கு வாசல். தடாவில் ரயில் ஏறியதும் பேசுவேன். 7 மணி வரை பேசாவிட்டால் ஆட்டோக்காரருக்குப் போன் அடி. அவரிடமும் தகவல் இல்லை என்றால் 112."

கீழே ஆட்டோக்காரரின் எண்ணை எழுத இடம் விட்டிருப்பேன். தடாவில் இறங்கியதும் அந்த எண்ணைத் தங்கைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவேன். அவசர உதவி எண்ணான 112 ஆந்திராவிலும் வேலை செய்யும். ஆம்புலன்ஸுக்கு 108 இரண்டு மாநிலத்திலும் உண்டு.

இந்தத் தாளை யாரிடம் கொடுப்பது என்று யோசித்துக் கொடுங்கள். என் அம்மாவிடம் கொடுத்தால் மதியம் இரண்டு மணிக்கே அழ ஆரம்பித்துவிடுவார். காட்டுக்குள் சிக்னல் கிடைக்காது என்பதை எத்தனை முறை சொன்னாலும் மனம் கேட்காது. ஏழு மணி வரை பதறாமல் இருந்து, ஏழு மணி ஐந்து நிமிடத்துக்குத் தயங்காமல் போன் எடுக்கிறவர் யாரோ அவரிடம் கொடுங்கள். என் தங்கை முதல் முறை தாளை வாங்கிப் படித்துவிட்டு, "அக்கா, பன்னெண்டுன்னா பன்னெண்டுதான். அங்க போய் மாத்தாத" என்றாள். இப்போதும் ஓடையில் மணி பார்க்கும்போது எனக்கு அவள் குரல்தான் கேட்கும்.

ஏன் 12 மணி? டிசம்பர் கடைசியில் சென்னைப் பக்கம் சூரியன் மறைவது மாலை ஐந்தே முக்கால் வாக்கில். பள்ளத்தாக்குக்குள் நாலு, நாலரைக்கே நிழல் இறங்கிவிடும். இறங்குவதற்கு ஏறின நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு, அதற்கு மேல் ஒரு மணி நேரம் கையிருப்பு வைத்தால் 12 மணிதான் வருகிறது. கால் பிசகின அன்று என்னைக் காப்பாற்றியிருக்க வேண்டியது இந்தக் கையிருப்பு நேரம்தான். அதைத்தான் நான் மேலே போய்ச் செலவழித்துவிட்டேன்.

இன்னொரு வரியும் தாளில் இருக்க வேண்டும்: "முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்க மாட்டேன்." நீச்சல் தெரிந்தாலும் இதே வரிதான். காசிமேட்டுக் கடலில் நீந்தி வளர்ந்தவர்களுக்கு இது கஷ்டமாக இருக்கும். கடல் வேறு, மடு வேறு. மடுவின் அடியில் பாறை இடுக்குகள் இருக்கும், ஓரத்தில் பாசி பிடித்து ஏறவே கைப்பிடி கிடைக்காது, தண்ணீர் திடுக்கிடும் அளவுக்குக் குளிரும். சென்னையிலிருந்து போன எத்தனையோ இளைஞர்கள் இந்த மடுக்களில் உயிரை விட்டிருக்கிறார்கள். தூக்கிவிட ஆள் இல்லாதபோது குளிக்க இறங்காதீர்கள். காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தாலே போதும், அதுவே அவ்வளவு சுகம்.

முன்கூட்டிப் பழகுவது, பை கட்டுவது

போவதற்கு முந்தின மாதத்தில் இரண்டு மூன்று நாள், அதே பையில் அதே எடையை வைத்து, அதே காலணியைப் போட்டுக்கொண்டு விடிகாலையில் நடங்கள். தண்டையார்பேட்டையிலிருந்து திருவொற்றியூர் தியாகராஜ சுவாமி கோயில் வரை போய்த் திரும்பினால் எட்டு, பத்துக் கிலோமீட்டர் வரும். கன்டெய்னர் லாரிகள் நெருக்குவதற்கு முன்னால் முடித்துவிடுங்கள். அந்த நடையில் எங்கே கடிக்கிறதோ அங்கே காட்டில் கொப்பளிக்கும். சமதரையில் பத்துக் கிலோமீட்டர் தடுமாறாமல் நடக்க வந்தால்தான் பாறையில் ஆறு ஏழு கிலோமீட்டருக்குத் தயார் என்று அர்த்தம். கூடவே நாலு மாடிப் படியைக் கைப்பிடி பிடிக்காமல் பத்து முறை ஏறி இறங்குங்கள். இறங்குவதுதான் முட்டிக்குச் சோதனை.

காலணிக்குச் செலவழிக்கத் தயங்காதீர்கள், மற்றதற்கெல்லாம் சிக்கனம் பார்க்கலாம். அடிப்பாகத்தில் ஆழமான பள்ளம் வெட்டிய, நனைந்தாலும் சீக்கிரம் காய்கிற ஷூ வேண்டும். பெரியமேடு பக்கம் விளையாட்டுப் பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. கடையில் ஷூவை வாங்கி அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். கல் மாதிரி விறைப்பாக இருந்தால் ஈரப்பாறையில் சறுக்கும், ரப்பர் கொஞ்சம் அமுங்க வேண்டும். புது ஷூவை நேராகக் காட்டுக்குப் போட்டுக்கொண்டு போகக் கூடாது. அங்கேயே ஒரு விசிலும் வாங்கிவிடுங்கள். தொண்டை கிழியக் கத்தினாலும் தண்ணீர்ச் சத்தத்தில் குரல் அமுங்கிவிடும், விசில் கேட்கும். அதைப் பைக்குள் போடாமல் கழுத்தில் தொங்கவிட வேண்டும்.

உடைக்கு ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் கனக்கும், காயாது. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் கிடைக்கும் சாதாரண டிராக் பேண்ட்டும் முழுக்கைச் சட்டையும் போதும். முள்ளுக்கும் பூச்சிக்கும் முழுக்கை உதவும்.

தண்ணீர் மூன்று லிட்டர். ஓடைத் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தாலும் குடிக்காதீர்கள், மேலே யார் என்ன செய்தார்களோ தெரியாது. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், குறைந்த தண்ணீரில் கெட்டியாகக் கரைத்துக் குடிப்பது தவறு. சாப்பாட்டுக்குப் புளிசாதம், எலுமிச்சை சாதம் மாதிரி கெடாதது, எவர்சில்வர் டப்பாவில். பிளாஸ்டிக்கையும் மதுவையும் வாசலில் சோதிப்பார்கள். கடலை மிட்டாயும் பேரீச்சம்பழமும் கைக்கு எட்டும் பாக்கெட்டில் இருக்கட்டும். களைப்பு வந்த பிறகு பை அவிழ்க்கத் தோன்றாது.

மிச்சம் எல்லாம் சின்னப் பொருள்கள்: டார்ச், பவர் பேங்க், கிரேப் பேண்டேஜ், காயத்துக்கு மருந்து, மடித்துவைத்த மழைக்கோட்டு, மாற்றுச் சாக்ஸ், கொஞ்சம் சில்லறைப் பணம். போன், பேண்டேஜ் எல்லாவற்றையும் ஜிப் வைத்த உறைக்குள் போட்டு அப்புறம் பைக்குள் வையுங்கள்.

போய்ச் சேர்வது

கொருக்குப்பேட்டையிலோ திருவொற்றியூரிலோ முதல் வண்டிகளில் ஒன்றைப் பிடியுங்கள். ஒரு விஷயம் கவனம்: இந்த மார்க்கத்தில் போகிற வண்டிகளில் பெரும்பாலானவை கும்மிடிப்பூண்டியோடு நின்றுவிடும். சூலூர்பேட்டை வரை போகும் சில வண்டிகளில்தான் தடா வரும். போகிற நேரத்தோடு திரும்பி வருகிற இரண்டு வண்டிகளின் நேரத்தையும் முந்தின நாளே பார்த்துத் தாளில் எழுதிவிடுங்கள். ரிட்டர்ன் டிக்கெட்டாகவே வாங்கிவிட்டால் மாலைக் களைப்பில் வரிசையில் நிற்க வேண்டாம்.

எண்ணூரைத் தாண்டியதும் ரயில் கொசஸ்தலையாற்றைக் கடக்கும். கழிமுகத்தில் வலை போடும் படகுகளும், அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகளும் ஒரே பார்வையில் தெரியும். பொன்னேரி தாண்டி ஆரணியாறு. தடா நெருங்கும்போது இடப்பக்கம் மலை தெரிய ஆரம்பிக்கும். அந்த மலைமேல் மேகம் கறுத்து உட்கார்ந்திருந்தால் தடாவில் இறங்கி டீ குடித்துவிட்டு அடுத்த வண்டியில் திரும்பிவிடுங்கள். நான் ஒரு முறை அப்படித் திரும்பியிருக்கிறேன். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. மறுவாரம் போனேன், ஓடை அங்கேயேதான் இருந்தது.

தடாவிலிருந்து மலையடிவாரம் இருபது கிலோமீட்டருக்குச் சற்று முன்பின் இருக்கும். காளஹஸ்தி போகும் சாலையில் வரதய்யபாளையம் வரை பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் கிடைக்கும், அங்கிருந்து தனி ஆட்டோ. இங்கே காசு மிச்சம் பிடிக்காமல், போக, காத்திருக்க அல்லது மூன்று மணிக்கு மறுபடி வர என்று ஒரே ஆட்டோவை மொத்தமாகப் பேசிவிடுங்கள். ஸ்டாண்டில் நாலு பேர் பார்க்கப் பேசுங்கள், வண்டி எண்ணைப் படம் எடுங்கள், பாதிப் பணம் போகும்போது, மீதி திரும்பி வந்த பிறகு. அந்த ஆட்டோக்காரர்தான் அன்று மலைப்பக்கத்தில் நீங்கள் திரும்பி வருவதை எதிர்பார்த்திருக்கும் ஒரே மனிதர். பெரும்பாலும் தமிழ் பேசுவார்கள். இருந்தாலும் இரண்டு வார்த்தை தெலுங்கு தெரிந்தால் முகம் மலரும். "மூடு கண்டலகு ராண்டி" என்றால் மூன்று மணிக்கு வாருங்கள். "நீள்ளு எக்குவகா உன்னாயா?" என்றால் தண்ணீர் அதிகமாக இருக்கிறதா? கொருக்குப்பேட்டை, வண்ணாரப்பேட்டைக்காரர்கள் பலருக்கு இதை நான் சொல்லித்தரத் தேவையில்லை.

வாசலில் இருக்கும் வன ஊழியரிடம் இந்தத் தண்ணீர்க் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். "தனியாகப் போகிறேன், மூன்று மணிக்கு வந்துவிடுவேன்" என்று சொல்லுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

ஓடையோரம்

ஆரம்பத்தில் பாதை அகலமாக இருக்கும், போகப் போகப் பாறைகள். போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள், சிக்னல் தேடித் தேடியே பேட்டரி தீர்ந்துவிடும். வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்திருந்தால் அது சிக்னல் இல்லாமலும் வேலை செய்யும். ஆனால் உண்மையான வழிகாட்டி ஓடைதான். போகும்போது ஓடை எந்தக் கைப்பக்கம் என்று பாருங்கள், திரும்பும்போது மறுகைப்பக்கம் இருக்க வேண்டும். கரை மாறும் ஒவ்வொரு இடத்திலும் நின்று, திரும்பிப் பார்த்து ஒரு படம் எடுங்கள். வந்த வழி திரும்பிப் பார்க்கும்போது வேறு மாதிரி இருக்கும். முதல் முறை வழி தவறுகிறவர்கள் பெரும்பாலும் இதனால்தான் தவறுகிறார்கள்.

பாறையில் கால் வைப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. வெளுத்து, சொரசொரப்பாக, காய்ந்து இருக்கும் பாறையில் வையுங்கள். கறுப்பாகப் பளபளப்பது பாசி. அது காய்ந்த மாதிரி தெரிந்தாலும் நம்பாதீர்கள். ஈரக்காலோடு மிதித்துவிட்டுப் போன மற்றவர்களின் தடம்கூட வழுக்கும். ஒரு பாறையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவவே கூடாது. மூன்று புள்ளி எப்போதும் தரையில் இருக்க வேண்டும்: இரண்டு காலும் கைத்தடியும், அல்லது இரண்டு கையும் ஒரு காலும். உட்கார்ந்து நகர்வதில் வெட்கம் எதுவும் இல்லை. நான் பாதி இடங்களில் உட்கார்ந்துதான் இறங்குகிறேன்.

ஓடையைக் கடக்க வேண்டி வந்தால் குறுகலான இடத்தைத் தேடாதீர்கள். குறுகலில்தான் ஆழமும் வேகமும். அகலமாக, சலசலவென்று கூழாங்கல் தெரிய ஓடும் இடம் பாருங்கள். பையின் இடுப்பு வாரை அவிழ்த்துவிடுங்கள். விழுந்தால் பையைக் கழற்றி எறிய முடிய வேண்டும். தண்ணீர் வரும் திசையைப் பார்த்து நின்று, தடியை முன்னால் ஊன்றி, காலைத் தூக்காமல் தரையோடு தேய்த்துப் பக்கவாட்டில் நகருங்கள். ஷூவைக் கழற்றாதீர்கள், நனைந்தால் நனையட்டும். நடுவில் முழங்காலைத் தொட்டுவிட்டால் வந்த வழியே பின்வாங்குங்கள். அந்த இடத்தோடு அன்றைய நடை முடிந்தது.

தண்ணீரின் நிறத்தை அடிக்கடி பாருங்கள். தெளிந்து ஓடியது கலங்கலாக மாறினால், சருகும் குச்சியும் மிதந்து வந்தால், நீங்கள் குறித்து வைத்திருந்த கல் மூழ்கினால், சத்தம் கனத்தால், மேலே மழை. பையை எடுத்துக்கொண்டு உடனே கரைமேல் உயரமான இடத்துக்கு ஏறுங்கள். ஓடையின் வழியே கீழே ஓடாதீர்கள், தண்ணீர் உங்களைவிட வேகமாக வரும். மறுகரையில் மாட்டிக்கொண்டால் கடக்க முயலாமல் உட்கார்ந்திருங்கள். சின்ன ஓடைகள் ஏறின வேகத்திலேயே வடியவும் செய்யும். நாலைந்து மணி நேரம் காத்திருப்பது கஷ்டம்தான். ஆனால் உங்கள் தாள் தங்கையிடம் இருக்கிறது, ஆட்டோக்காரர் வாசலில் இருக்கிறார். உங்களைத் தேடி ஆள் வரும்.

இவ்வளவு எச்சரிக்கைக்கும் நடுவில், போனது எதற்காக என்பதையும் சொல்ல வேண்டும். பதினோரு மணி வாக்கில் ஒரு நல்ல நிழல் பாறையைப் பார்த்து அரை மணி நேரம் சும்மா உட்காருங்கள். பாட்டு வேண்டாம், படம் எடுக்க வேண்டாம். நம் வீட்டில் ராத்திரி இரண்டு மணிக்கும் லாரி ஹாரன் கேட்கும். அங்கே முதல் பத்து நிமிடம் காது எதையோ தேடிக்கொண்டிருக்கும். அப்புறம் ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பிக்கும்: மேலே சின்னதாக விழுகிற தண்ணீர், கீழே பாறை இடுக்கில் கொப்புளிக்கிற தண்ணீர், இரண்டும் வேறு வேறு சத்தம். மீன்குஞ்சுகள் கால்விரலைக் கொத்திப் பார்க்கும். கூட்டத்தோடு நாலு முறை போயும் நான் இந்த இரண்டு சத்தத்தைப் பிரித்துக் கேட்டதில்லை.

மணி பன்னிரண்டானதும் எழுந்துவிடுங்கள்.

பாம்பு, பூச்சி, குரங்கு, மனிதர்

பாம்புக்கு விதி எளியது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கையும் வைக்காதீர்கள், காலும் வைக்காதீர்கள். பாறை இடுக்கைப் பிடிப்பதற்கு முன், விழுந்த மரத்தைத் தாண்டுவதற்கு முன், தடியால் தட்டிப் பாருங்கள். ஒருவேளை கடித்துவிட்டால் வெட்டுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் கூடாது. மோதிரம், வாட்சைக் கழற்றி, கடிபட்ட காலையோ கையையோ அசைக்காமல் வைத்து, விசில் ஊதி ஆளைக் கூப்பிட்டு, விஷமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூன்று முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி மூன்று முறை. விட்டுவிட்டு ஊதினால்தான் விளையாட்டு இல்லை என்று கேட்பவருக்குப் புரியும். சனிக்கிழமை போகச் சொன்னது இதற்காகவும்தான். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் சேர்த்து ஒரே மருந்துதான், அதனால் பாம்பைத் தேடிப் பிடிக்கவோ படம் எடுக்கவோ நேரம் வீணாக்க வேண்டாம்.

பாம்பைவிட எனக்குக் கவலை, புல்லிலும் புதரிலும் இருக்கும் கண்ணுக்கே தெரியாத பூச்சிகள். ஸ்க்ரப் டைபஸ் என்ற காய்ச்சல் அப்படி வருவதுதான். நடந்து இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், அல்லது உடம்பில் சிகரெட் சுட்டது மாதிரி கறுத்த பொருக்கு தெரிந்தால், மருத்துவரிடம் "காட்டுக்குப் போயிருந்தேன்" என்று நீங்களாகச் சொல்லுங்கள். சீக்கிரம் தெரிந்தால் சாதாரண மாத்திரையிலேயே குணமாகும்.

குரங்கு இருக்கும் இடத்தில் சாப்பாட்டைப் பிரிக்காதீர்கள், அவ்வளவுதான்.

பெண்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. குடித்துவிட்டு வருகிற கும்பல் எதிரே வந்தால் வழிவிட்டு நின்று, பக்கத்தில் குடும்பமாக இருப்பவர்களோடு போய் நில்லுங்கள். "தனியாவா வந்தீங்க?" என்று யார் கேட்டாலும் "இல்ல, அண்ணன் பின்னால வர்றார்" என்பதுதான் என் பதில். வன ஊழியரிடமும் ஆட்டோக்காரரிடமும் மட்டும் உண்மை. கழுத்தில் விசில், கையில் தடி, வேகமான நடை. இவை மூன்றும் இருந்தால் பலர் கேள்வியே கேட்பதில்லை. மனசுக்குச் சரியில்லை என்று பட்டால் காரணம் தேடாமல் திரும்பிவிடுங்கள். பாதியில் திரும்பிய நாளுக்காக நான் இன்றுவரை வருத்தப்பட்டதில்லை.

திரும்பி வந்த பிறகு

வாசலில் "வந்துவிட்டேன்" என்று ஊழியரிடம் ஒரு வார்த்தை. ஆட்டோவில் ஏறியதும் மாற்றுச் சாக்ஸ். தடாவில் சிக்னல் வந்தவுடன் தங்கைக்குப் போன். சாப்பிட்டுவிட்டுப் பேசலாம் என்று தள்ளிப்போடாதீர்கள், அங்கே ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

உடம்பில் தெம்பு இருந்தால் நேராக வீட்டுக்குப் போகாமல் பாரிமுனைப் பக்கம் போய், பர்மாக்காரர்கள் கொண்டுவந்த அத்தோ ஒரு தட்டு சாப்பிடுவேன். வீட்டில் ஷூவுக்குள் செய்தித்தாள் திணித்து நிழலில் காயவைக்க வேண்டும், வெயிலில் வைத்தால் ஒட்டு விட்டுவிடும். துணியை வெந்நீரில் போட்டு, தலை முதல் கால்விரல் இடுக்கு வரை பூச்சிக்கடி இருக்கிறதா என்று பார்த்துக் குளிக்க வேண்டும்.

தூங்குவதற்கு முன் அந்தத் தாளின் பின்பக்கத்தில் இரண்டு வரி எழுதி வைக்கிறேன். போன முறை எழுதியது: "ஜனவரி இரண்டாவது சனி. முதல் கடவில் தண்ணீர் கணுக்கால் அளவு, இரண்டாவதில் முழங்காலுக்கு ஒரு சாண் கீழே. 11.50-க்குத் திரும்பினேன். தடி போதவில்லை, இன்னும் ஒரு அடி நீளம் வேண்டும்."

மூங்கில் தடி ஒன்று இப்போது வாங்கி மூலையில் சாய்த்து வைத்திருக்கிறேன்.